பாதையில் உலரும் ஜவ்வரிசி

அனுப்புநர்:
மு. பாவாடை,
முன்னாள் மில் தொழிலாளி,
மூலக்குளம், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு வருவாய் அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: வீட்டுப் பாதையில் ஜவ்வரிசி காயவைப்பதால் வழி அடைபட்டது – மூன்றடி வழி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கம் ஜவ்வரிசி ஆலையின் மதில், பின்னால் வாய்க்கால். வெளியே வர முன்பக்கத்துப் பொதுப் பாதை ஒன்றுதான். தை முதல் வைகாசி வரை தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஈர ஜவ்வரிசியைப் பரப்பி, மாலை ஐந்து மணிக்கு அள்ளுகிறார்கள். அதுவரை நாங்கள் வீட்டுக்குள் கிடக்கிறோம்.

2. தவறு என்னுடையதும்தான். மூன்று வருஷம் முன்பு, சேறாகக் கிடந்த பாதைக்குச் சிமெண்டு பூசித் தருவதாக ஆலை முதலாளி சொன்னார். நல்ல மனிதர் என்று நம்பி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். பாதையைக் களமாக்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஊர்ப் பாதையை எழுதிக்கொடுக்க நான் யார்?

3. மிதித்துக்கொண்டு போனால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் கஞ்சியாகப் போகிற பொருள் அது. எங்களுக்குக் கால் வரவில்லை. மேலும், அதைப் பரப்புகிறவள் என் மனைவி வரலட்சுமி. மில் மூடியபின் அவள் வேலையில்தான் அடுப்பு எரிகிறது. காலையில் எங்களை உள்ளே வைத்து அவளே பரப்பிவிட்டு, பகலெல்லாம் வெயிலில் நின்று பலகையால் கிளறுகிறாள். கால்தடம் விழுந்தால் அவளுக்கு வேலை இல்லை.

4. முன்பே இரண்டு அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். ஒன்றில், மரவள்ளிக் கிழங்கு விவசாயப் பொருள், காயவைப்பது குற்றமில்லை என்றார்கள். இன்னொன்றில் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவர் அகராதியைப் புரட்டி, ‘சகூ’ என்பது மலாய்த் தீவுகளில் ஒரு பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு, அந்த மரமே இங்கே இல்லை, ஆகவே ஆலை போர்டிலுள்ள ‘சாகோ’ எதுவென்று எழுதிக் கொண்டு வா என்றார். எழுதுகிறேன்: மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலில் அடியில் தங்கும் மாவை உருட்டிய குருணை. எந்தப் பாஷையில் சொன்னாலும் எங்கள் வாசலை மறித்துக் கிடப்பது அதுதான்.

5. மகள் தனம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை நடுப்பகலில் அவளுக்கு வலி எடுத்தது. ஈரமாக இருப்பதை ஒதுக்க முடியாது, இந்த ஒரு தடவை மட்டும் மேலேயே நடந்து போங்கள் என்று ஆலை மேஸ்திரி கோவிந்தராசு பெரிய மனது பண்ணினார். தனம் வாசற்படியில் நின்று பார்த்தாள். “சோத்த மிதிச்சுக்கிட்டா புள்ள பெத்துக்கப் போறது? நான் வரல” என்று திரும்பி வந்து படுத்துவிட்டாள். அந்தப் பக்கம் அவள் அம்மா பலகையைப் பிடித்தபடி நின்றாள். வலி தானே அடங்கியது. பொய்வலி என்று பின்னால் சொன்னார்கள். அந்த அரை மணி நேரம் எனக்குப் பொய்யாக இல்லை.

6. ஆலையை மூடச் சொல்லவில்லை; மூடினால் பட்டினி கிடப்பதும் நாங்கள்தான். நடக்க மூன்றடி விட்டுவிட்டுப் பரப்பும்படி உத்தரவிட்டால் போதும். தாங்கள் பார்வையிட வந்தால் பகலில் வர வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வந்தால் சுத்தமான சிமெண்டுப் பாதைதான் தெரியும், நான் பொய் சொல்வதாகப் படும்.

டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அடுத்த வலியும் பகலில் வந்தால், தனம் என்ன சொன்னாலும் அவளைத் தூக்கிக்கொண்டு நான் அதை மிதித்து நடப்பேன். அன்றோடு என் மனைவிக்கு வேலை போய்விடும். அதற்கு முன் உத்தரவு வர வேண்டும் ஐயா.

இடம்: புதுச்சேரி
நாள்: 11.4.1983

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. பாவாடை