அப்பாவின் நம்பர் கத்திகள்

என் அன்பான அப்பாவுக்கு,

அன்பான என்றுதான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, அது உண்மையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு சாந்தோமில் பெரிதாக எதுவும் மாறவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் கடை வரிசைதான் முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். நான் அதே பள்ளிக்கூடத்தில் அதே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இதையெல்லாம் நீங்கள் உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை. உங்கள் பேனாக்கத்திகளைப் பற்றிச் சொல்கிறேன், அதையாவது கேட்பீர்கள்.

தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையின் அடையாறு பங்களாவில் ஏலம் போட்டார்களே, அங்கே வாங்கினீர்கள். மான்கொம்புப் பிடி போட்ட சீமைக் கத்திகள். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றின் அலகிலும் அடிப்பக்கத்தில் ஒரு நம்பர் பொறித்திருந்தது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று. பிறகு முப்பத்தைந்து, முப்பத்தாறு. நடுவில் முப்பத்திநாலு மட்டும் இல்லை. அதை உங்களுக்கு முன்னால் எடுத்துவிட்டவர் தியாகராய நகர் அருளப்பர் மாமா. அவருக்கும் கத்திப் பைத்தியம்.

அன்றிலிருந்து நீங்கள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அம்மாவின் கல்யாண வெல்வெட் ரவிக்கையை வெட்டிக் கத்திப் பெட்டிக்குள் விரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நம்பர்களைப் படிப்பீர்கள். முப்பத்திமூன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவே ஒரு கத்தி அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தீர்கள். ஒருநாள் பென்சில் சீவ ஒன்றைக் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "நம்பர் இருக்கிறவரைக்கும்தான் இது இதுவா இருக்கும். நம்பர் போச்சுன்னா வெங்காயம் நறுக்கத்தான் லாயக்கு." அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு அருளப்பர் மாமாவின் மகன் ஸ்டீபனை எனக்குப் பேசினார்கள். அவர்கள் வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அம்மா முறுக்கு வைத்தாள். நாள் குறிப்பதுவரை பேச்சு வந்துவிட்டது. அப்போது நீங்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சம்பந்தி ஆகப்போகிறோமே, முப்பத்திநாலைக் கொடுத்துவிடுங்கள் என்றீர்கள். பெண்ணோடு அந்த ஐந்தையும் அனுப்புங்கள், என் வீட்டில் ஒன்றாக இருக்கட்டும் என்றார் அவர். நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள்! ஸ்டீபன் தலை நிமிராமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கடைசியில் நீங்கள்தான் எழுந்து, "அப்ப இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றீர்கள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் ஸ்டீபனுக்கு பெங்களூரில் கல்யாணம் ஆயிற்று. அப்புறம் என்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

உங்கள் கடைசி நாட்களில் கண் தெரியவில்லை. சாமியார் சாகும் நேரத்து எண்ணெயான அவஸ்தை பூச வந்தபோதுகூட, உங்கள் கட்டைவிரல் கத்தியின் நம்பரைத்தான் தடவிக்கொண்டிருந்தது. அந்த விரலைக் கத்தியிலிருந்து நான்தான் பிரித்து எடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அருளப்பர் மாமா துக்கம் கேட்க வந்தார். அம்மாவிடம் நன்றாக அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மாமா, ஐந்தையும் உங்களுக்கே தந்துவிடுகிறேன் என்றேன். அந்த வயதான மனிதர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நடுவில் ஒருநாள் சாணை பிடிக்கிறவர் நம் தெருவுக்கு வந்தார். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னாம்மா, கத்தி புச்சாக் கீது. எதுக்குச் சாணை?"

நம்பரைத் தேய்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பொறி பறந்தது. ஒவ்வொன்றும் வழவழவென்று, முகம் இல்லாமல் என் கைக்குத் திரும்பி வந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஞாயிறன்று மாமா பூசை முடிந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். தன் முப்பத்திநாலைப் பட்டுக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பெட்டியைத் திறந்து ஒரு கத்தியை விரித்தார். திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடுத்ததை எடுத்தார். ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்பர் எங்கம்மா?"

"கத்தி அதேதான் மாமா. முன்னைவிடக் கூரா இருக்கு."

"எது எதுன்னு இனிமே எப்படித் தெரியும்? கொன்னுட்டியேம்மா."

"அன்னிக்கு நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன் மாமா."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைத் தள்ளி வைத்தார். கைக்குட்டையைப் பிரித்துத் தன் கத்தியையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "இது மட்டும் தனியா என்கிட்ட எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். வெறும் கைக்குட்டையைக் கையில் பிடித்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

அப்பா, நீங்கள் ஏங்கிய முப்பத்திநாலு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. என்னைக் கொடுக்காமலே வந்துவிட்டது. சந்தோஷமா?

அம்மா அதை அவரிடமே சேர்த்துவிடச் சொல்கிறாள். வயசான மனுஷன், பாவம் என்கிறாள். நான் கொடுக்கப் போவதில்லை. அடுத்த தடவை சாணைக்காரர் வரும்போது அதையும் தேய்க்கக் கொடுப்பேன். பிறகு ஆறையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கிவிடுவேன். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொண்டு வரும்போது எல்லாவற்றையும் உங்கள் தலைமாட்டில் வைக்கிறேன். அதில் எது முப்பத்திநாலு என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கட்டாயம் வருவேன் அப்பா. இது என் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
ரெஜினா