வாய்க்கு வராத பதிகம்

மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே வெயில் சுடுகிறது. மூன்று ரவிக்கை முடிக்க வேண்டும். பச்சை நூல் வாங்க.

பதிகத்தில் ஏழாம் பாட்டும் ஏறிவிட்டது! மெஷின் மிதித்துக்கொண்டே தடங்கலில்லாமல் சொன்னேன். யாரிடமும் ஒப்பிக்க அல்ல. மனசு பதறும் வேளையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இவர் பக்கத்து அறையில், கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை பார்டர் டிசைன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாமி இல்லை என்று சொல்கிற மனுஷன். அங்கிருந்தே ஒரு குரல்: "இன்னா சுமதி, இன்னிக்குப் பாஸா ஃபெயிலா?" மெஷினை இன்னும் வேகமாக மிதித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வேலூர். ஐ.சி.யு.வுக்கு வெளியே. எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

தேவிகாபுரத்தில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்ப மதிய ஆரணி பஸ். இவர் ஜன்னலோரம். பாதி வழியில் சட்டை முழுக்க வேர்வை. "என்னங்க, என்ன பண்ணுது?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். முகம் சாம்பல்.

கத்தினேன். கண்டக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு டிரைவரிடம், "அண்ணே, எங்கியும் நிறுத்தாத! ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு வுடு!"

பதிகத்தைத் தேடினேன். வரவில்லை. முதல் பாட்டின் முதல் சொல்கூட. வாயைத் திறக்கிறேன், உள்ளே ஒன்றுமே இல்லை. எதற்காகக் கற்றேனோ அந்த நேரத்தில்!

அப்போது காதோரம் இவர் குரல். பதிகம். மூச்சு வாங்க வாங்க, முதல் பாட்டிலிருந்து, நான் இழுக்கிற அதே இழுப்பில். பிதற்றுகிறார் என்று நினைத்தேன். இல்லை. வரிசை மாறவில்லை. இவரா? இவர் வாயிலா?

ஆரணியில் ஊசி, இ.சி.ஜி., உடனே ஆம்புலன்ஸ். இங்கே ஸ்டென்ட் வைத்தாயிற்று. டாக்டர்: "நல்ல நேரத்துல கூட்டினு வந்தீங்கம்மா." தலையாட்டினேன். கையில் இன்னும் காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பை.

மார்ச் 9, திங்கள்

உயிருக்குப் பயமில்லையாம். நாத்தனாரை அங்கே உட்காரவைத்துவிட்டு, துணி எடுக்க ஆரணிக்கு வந்தேன். லுங்கி, டவல், ஃபிளாஸ்க், போன் சார்ஜர்.

வீடு சத்தமே இல்லாமல். பதிகப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாம் பாட்டில் கண் நின்றது. 'துணையே' என்று இருக்கிறது. பஸ்ஸில் இவர் சொன்னது 'துணிவே'.

அது என் தப்பு! ஆரம்பத்தில் நான் அவசரத்தில் அப்படித்தான் படித்தேன். பிறகு கவனித்துத் திருத்திக்கொண்டேன், தீபாவளிக்கு முன்னாலேயே. அப்படியானால் முதல் வாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லுங்கியை மடிக்கத் தோன்றவில்லை.

மார்ச் 11, புதன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தார். உப்பு இல்லை என்று பேஜார்.

கேட்டுவிட்டேன். "எப்பங்க மனப்பாடம் பண்ணீங்க?"

"நான் எங்க பண்ணேன்? நீ மெஷினு மிதிச்சிகினு, சொன்னதியே சொல்லிகினு இருந்த. காதுல உழாம எங்க போவும்?"

"சாமி இல்லன்னு சொல்வீங்களே."

"இப்பவும் இல்லதான்."

"பின்ன பஸ்ஸுல ஏன் சொன்னீங்க?"

ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எதுனா ஒண்ணுன்னா உன் வாய் முணுமுணுத்துகினே இருக்கும். அன்னிக்கு நீ கம்முனு ஆய்ட்ட. வலியக் கூடத் தாங்கிக்கினேன் சுமதி. அதான் பயமா பூட்ச்சு. எடுத்துக் குடுத்தா நீ புடிச்சிக்குவன்னு பாத்தேன்."

எனக்கு எடுத்துக் கொடுத்தாராம். நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில். எனக்கு.

"மூணாம் பாட்டுல அது துணிவே இல்லங்க, துணையே," என்றேன்.

"எனக்கு இப்டிதான் வருது. வுடு."

விட்டுவிட்டேன்.