கரடிக்கு நான் சொன்ன பலன்

பிலவ வருஷம், ஆடி 10

விடியற்காலையில் ஒரு கனவு. சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் என் மகன் துரைசாமி நிற்கிறான். அவன் தோளில் கை போட்டபடி ஒரு கரடி. இருவரும் இறங்கிப் போனார்கள். கூண்டு மட்டும் மேலே வந்தது.

ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் இந்த லயனில் எல்லாரும் கனவுக்கு என்னிடம்தான் பலன் கேட்பார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்வேன். பாதி அதில் இருக்காது.

இன்று நானே போய் அடுத்த வீட்டு முனியம்மாவிடம் கனவைச் சொன்னேன். சிரித்தாள்.

"இன்னா பெரீம்மா, கரடி வந்தா செத்துப்போன பெரியவங்க காவலுக்கு வராங்கன்னு போன மாசம் நீதானே சொன்னே? அதக் கேட்டுத்தானே எங்க வூட்டுக்காரர வேலைக்கு அனுப்பினேன். நல்லாத்தானே திரும்பி வந்தாரு?"

அன்று அவள் தன் கரடிக் கனவைச் சொல்லி அழுதாள்; ஆறுதலுக்காக வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

துரைசாமிக்கு நாளை காலை ஷிப்டு. போகாதே என்றால் ஏன் என்று கேட்பான். லயனே கேட்கும். பேத்தி அவன் மார்மேல் தூங்குகிறாள். அவன் எடுத்துப்போகக் களி கிண்டி மூடி வைத்துவிட்டேன்.