கீழே வைக்காத ஆவக்காய்

ஹைமா,

உனக்கு அனுப்பிய பார்சல் நேற்று மறுபடியும் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை ஜாடி உடைந்து, எண்ணெய் கசிந்து, கூட இருந்த பெட்டிகளும் பாழ். வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் ஊறுகாய்க் கடை போட்டேன் அல்லவா, எனக்கு நன்றாக வேண்டும்!

உன் வீட்டுக்காரர் பெயரில் ஆர்டர் போட்டால் எனக்குத் தெரியாதா? பூண்டு கூடவே கூடாது, எண்ணெய் மட்டும் மிதக்க வேண்டும் என்று ஆவக்காய் கேட்கிற ஆள் காக்கிநாடாவில் வேறு யார்?

உங்கள் ஊர்க் கூரியர்காரர் போனில் என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார். “வாங்கிக்கோங்கம்மான்னு நீட்டினா, ‘உப்புப் பண்டத்தைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வரும், கீழ வைய்யா’ங்கிறாங்க. கையில கொடுக்கிற போட்டோ இல்லேன்னா ஆபீஸ்ல என்னைத் திட்டுறாங்க. திருப்பி அனுப்பாம நான் என்னதான் பண்ணட்டும்?”

அம்மாவின் வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், யாரோ ஒரு கூரியர்காரரோடு சண்டை வந்துவிடும் என்று பயப்படுகிறாய்!

ஞாயிற்றுக்கிழமை புது ஜாடியோடு நானே வருகிறேன். கீழே வைக்க மாட்டேன், கையில்தான் கொடுப்பேன். பேசாமல் வாங்கிக்கொள். நமக்குள் இனிமேல் வருவதற்குச் சண்டை என்ன மிச்சம் இருக்கிறது?

உன் அக்கா