போல்ட்டுகளைத் தேடாதே

அன்புள்ள மார்லீன்,

நீ நலமா? முழங்கை வலி தேவலையா? நார்த் டகோட்டா குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை.

ஞாயிறன்று, கூட வேலை செய்யும் எல்டன் தானே செய்த, ஊர்சுற்றப் போனால் இருவர் படுத்துத் தூங்கும் கேம்பர் கூட்டை டிரெய்லர் சட்டத்தில் ஏற்றக் கூப்பிட்டான். நம்முடையதைப் போலவே கண்ணீர்த்துளி வடிவம். நாங்கள் நாலு பேர் தூக்கி வைத்தோம். அவன் மனைவி ஷெல்பி உள்ளே தவழ்ந்துபோய் போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, அவன் அடியில் மல்லாந்து படுத்து நட்டை முடுக்கினான்.

“பிடிச்சிருக்கியாடி?”

“நீ முறுக்குய்யா, எனக்கு இங்கேயே தூக்கம் வருது!”

நடுவில் ஒரு பலகைதான். மேலும் கீழுமாக இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு எரிந்தது. கொடுத்த பீரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கராஜில் நம் கூட்டைத் தார்ப்பாயால் மூடி வை. பக்கத்து வீட்டு கர்ட் அதைச் சட்டத்தில் மாட்டித் தருகிறேன் என்கிறானாமே? அவன் அடியில் படுத்தால் நீதானே உள்ளே படுக்கவேண்டும்? அதெல்லாம் வேண்டாம்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. போல்ட்டுகளைத் தேடி அலையாதே. கிளம்பும்போதே அத்தனையையும் என் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்,
ராய்ஸ்