நீ வேண்டாமென்று சொன்ன கறுப்பு டப்பா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம்தான், கார்தான் சுகமில்லாமல் கிடந்தது, இப்போது அதுவும் எழுந்து நடமாடுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜை மேலேயே கிடக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் காருக்குப் புகைப் பரிசோதனை வந்தது. அதில் தேறாவிட்டால் காரை ரோட்டில் எடுக்கக் கூடாது, கார் இல்லையென்றால் காலை ஆறு மணி ஷிப்டுக்கு நான் பின்னல் மில்லுக்குப் போக முடியாது, அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதற்குள் வீட்டில் உட்கார்ந்து உங்கப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. இதெல்லாம் தெரிந்தும் மனுஷன் துடைக்கிறேன் பேர்வழி என்று பானெட்டைத் திறந்தார். குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர் அல்லவா, பெயரில்லாத பொருளைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. நம் வீட்டில் உப்பு டப்பாவிலிருந்து பழைய குடை வரைக்கும் நூலில் அட்டை தொங்குவது உனக்குத் தெரியாததா. அப்படியே இன்ஜினிலும் பேட்டரி, ரேடியேட்டர் என்று வரிசையாக அட்டை கட்டிக்கொண்டு வந்தவருக்கு ஐந்து சாமானுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை, உடனே உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்குத்தான் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாதே. தட்டு மாதிரி இருந்த ஒரு இரும்புச் சாமானைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஹாரன், வயர் கழன்றுபோச்சு என்றார். ஹாரன் முன்னால் நன்றாகத்தானே கத்துகிறது என்று நான் கேட்டேன், அது பகல் ஹாரன், இது ராத்திரி ஹாரன் என்றாரே பார்க்கலாம். உங்கப்பா அதையும் அட்டையில் எழுதிக் கட்டினார்.

சித்தப்பாவையாவது மன்னிக்கலாம், அவர் அள்ளி விடுவது ஊரறிந்தது. நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காபி டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா, தலையில் இரண்டு ரப்பர் குழாய், அதைப் படம் பிடித்து அப்பா உனக்கு அனுப்பினார். ஒரு நிமிஷம் ஆகவில்லை, பழைய மாடல்ல வர்ற வேஸ்ட் பார்ட்பா அது, கழட்டிருங்க என்று உன் பதில் வந்தது, கூடவே கட்டைவிரல் பொம்மை வேறு. நீ பாலம் கட்டப் படித்தவன். நீ கட்டுகிற பாலத்தின் மேல் கார் போகும், உனக்கும் காருக்கும் அவ்வளவுதான் உறவு. அப்பா கழற்றினார், ஒரு குழாய் வாயில் போல்ட்டைச் செருகினார், இன்னொன்றைத் துணியால் கட்டினார். இன்ஜின் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது, பெட்ரோல் நாற்றத்தில் மில்லுக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குத் தலைவலி. பரிசோதனையில் புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்த ஆள் மீட்டரைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். இரண்டு வாரம் தவணை, அதற்குள் சரிசெய்யாவிட்டால் காரை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினான்.

அதற்கப்புறம் நானே இறங்கினேன். மில்லில் நூல் அறுந்தால் ஊசியிலிருந்து நூல் சுற்றிய கோன் வரைக்கும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போவேன், இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. சாமானின் உருவத்தைப் பார்த்து ஊகம் சொல்லாமல் குழாயை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். போல்ட் செருகிய குழாய் வண்டிக்கு அடியிலேயே ஓடிப் பெட்ரோல் டாங்கியில் முடிந்தது, துணி கட்டியது இன்ஜின் காற்றை இழுக்கும் இடத்துக்குப் போனது. ராத்திரி ஹாரனோ புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது பானெட்டின் உள்பக்கம் மண்டையில் இடித்தது, அங்கே உங்கப்பா எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் எழுதி ஒட்டிய தாள் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. அடியில் என்னவோ கோடுகள். தண்ணீர் தெளித்துச் சுரண்டினால், கம்பெனிக்காரனே வரைந்து ஒட்டிய படம், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எல்லாவற்றுக்கும் பெயரும் வேலையும் போட்டு! பதினெட்டு வருஷமாக அதை மூடி மேலே பசை தடவி வைத்திருக்கிறார் ஸ்டோர்கீப்பர். கறுப்பு டப்பாவுக்குள் கரி இருக்கிறதாம், டாங்கியில் கிளம்பும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்து இன்ஜினுக்கே அனுப்புமாம். ஹாரன் என்றது, எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் வால்வாம்.

டப்பா எங்கே என்று கேட்டேன். அவர் எதையும் எறிய மாட்டாரே, ஷெட் அலமாரியில் அட்டை கட்டி வைத்திருந்தார். குழாய்களைப் புதிதாக வாங்கி நானே மாட்டினேன், செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் தேறிவிட்டது, சித்தப்பா வந்து நான் அப்பவே சொன்னேன் என்கிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. அந்த அட்டையின் முன்பக்கத்தில் தேவையில்லை, மகன் சொன்னது என்று பேனாவில் எழுதியிருந்தார். திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பாவாக இருக்கலாம், கழற்றக் கூடாது என்று பென்சிலில் எழுதி, அதன் மேல் கோடு போட்டு அடித்திருந்தார். தெரிந்துகொண்டே ஏன் கழற்றினீங்க என்று கத்தினேன். அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது என்றார். முப்பது வருஷம் குடோனில் ஒரு சாமானையும் மாற்றிக் கொடுக்காத மனுஷன், உன் ஒரு நிமிஷத்துப் பதிலுக்காகத் தனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டார். உன் பேச்சுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு, நீயோ அதை வாய்க்கு வந்தபடி இறைக்கிறாய். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, உடம்பைப் பார்த்துக்கொள், கண் பரிசோதனைக்குப் போ, நன்றாக இரு, நீ கட்டுகிற பாலமெல்லாம் உறுதியாக நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மீதி மூன்று சாமானின் படங்களையும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு அனுப்பப்போகிறார், பானெட்டில் பெயர் இருந்தும் உன்னைக் கேட்காமல் அட்டை எழுத மாட்டாராம். எனக்குத் தெரியலப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேள். கேட்டுவிட்டு, அவர் பதில் எழுதும் வரைக்கும் காத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா