காருக்கு அடியில் கிடந்த சல்லடை

அன்புள்ள மகன் ஜீவகனுக்கு, செஞ்சியிலிருந்து அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் வலியும் என்னோடு நலம். அந்தக் கனடாப் பனியில் நீயும் மருமகள் சுபாவும் சுகமாக இருக்க ஆதிபகவனை வேண்டிக்கொள்கிறேன்.

தெருவில் கால்வாய் தோண்டப் போகிறார்கள், உன் நைனாவின் பழைய அம்பாசிடரை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் போனில் சொன்னபோது நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பதினான்கு வருடமாக அந்தக் கார் பேச்சு வந்தால் அப்படித்தான். போன வாரம் எடுத்துவிட்டோம். சக்கரம் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தது. பக்கத்து நிலத்துத் தனகோட்டி டிராக்டரோடு வந்து, இன்னா பெரிய வேல, சங்கிலியப் போட்டு ஒரே இழுப்பு என்றான். மெக்கானிக் ஆதிமூலம், இழு, பம்பரு மட்டும் பின்னாடி வரும், ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ என்றார். பிரேக் துருவேறிச் சக்கரமெல்லாம் இறுகிக் கிடந்ததாம். முன்னால் மண்ணைச் சரிவாகத் தோண்ட வந்தார், எறும்புப் புற்று இருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். உங்க எறும்புங்க ஊட்டக் காலி பண்ற வரிக்கும் நான் டீ குடிக்கிறேம்மா என்று உட்கார்ந்துவிட்டார், நல்ல மனிதர். பிறகு பலகை மேல் ஜாக்கி வைத்து விரலளவு தூக்குவது, கட்டை கொடுப்பது, மறுபடி தூக்குவது. கட்டை கொடுக்காமல் யாரையும் அடியில் கைகூட நீட்ட விடவில்லை.

நைனா உட்காரும் இருக்கையில் இன்னும் அதே பள்ளம். ஒவ்வொரு தூக்கலுக்கும் கார் முனகியது, உள்ளே யாரோ எழுந்து உட்காருவது போல. நான் கிட்டப் போகவில்லை. முன்பக்கம் எழும்பியதும் ஆதிமூலம் அடியிலிருந்து ஒரு கம்பியால் எதையோ இழுத்தார். நசுங்கிய சல்லடை. இது யார்துமா என்றார்.

அது என்னுடையது. நைனா போவதற்கு முந்தின சாயங்காலம் மழை இருட்டு, கரண்ட் இல்லை, நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அரிசியிலோ வண்டு. நீ அவலூர்பேட்டையிலிருந்து வந்து காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தாய். ஒரு வண்டும் உலையில் விழக்கூடாது என்று கார் விளக்கைப் போட்டு அந்த வெளிச்சத்தில் சலித்தேன். அணைக்கும்போது சுவிட்சைப் பாதிதான் தள்ளியிருக்கிறேன். பெரிய விளக்கு அணைந்தது, சின்ன விளக்கு விடிய விடிய எரிந்து பேட்டரியைத் தின்றுவிட்டது. விடிகாலையில் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டபோது நீ சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாய். எல்லாரும் சேர்ந்து தள்ளினோம், நாலடி போய், தரையில் நான் மறந்து வைத்த சல்லடை மேல் ஏறிச் சேற்றில் இறங்கிவிட்டது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. சித்தப்பா சுவிட்சைப் பார்த்துவிட்டு, லைட்ட அணைக்காம வுட்டு நைனாவ சாகடிச்சிட்டியேடா என்று உன்னை அறைந்தார். நீ தலைகுனிந்து வாங்கிக்கொண்டாய். எனக்கு அந்த நிமிடமே புரிந்தது, ஆனாலும் பேசாமல் நின்றேன். அன்று பயம். பிறகு வெட்கம். பிறகு நீ விமானம் ஏறிவிட்டாய்.

கடைசியில் ஆதிமூலம் பிரேக்கைத் தளர்த்தி, பலகை பரப்பி, எல்லாரையும் தள்ளி நிற்க வைத்து, தனகோட்டியை ஆமை மாதிரி இழுக்கச் சொன்னார். கார் இப்போது கொட்டகையில் நிற்கிறது. சித்தப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உன்னிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அங்கே காரை நிறுத்திய பிறகும் நீ மூன்று முறை வெளியே போய் விளக்கைப் பார்த்துவிட்டு வருகிறாய் என்று சுபா சொன்னாள். இனி ஒரு முறை பார்த்தால் போதும் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
நீலாஞ்சனா